குதிரைச் சக்தியும் குளம்பின் பிடிப்பும்

மாட்டின் பலம் அதன் தோளில் இருக்கிறது என்பது பொது அபிப்பிராயம். ஆனால் மழை பெய்த மறுநாள் களிமண் பாதையில் பாரவண்டி மேடேறுவதைக் கவனித்தவர்கள் அவ்வளவு எளிதாக அப்படிச் சொல்லிவிட மாட்டார்கள். காங்கேயம் காளையே ஆனாலும், குளம்பு வழுக்கிவிட்டால் அதன் பலம் முழுவதும் சேற்றைக் குழப்புவதிலேயே செலவாகிவிடும். மெலிந்த மாடு ஒன்று காலை அழுந்த ஊன்றிக்கொண்டு முன்னே போய்விடும். பலம் வேறு, பலத்தைத் தரையில் செலுத்தும் பிடிப்பு வேறு. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாவிட்டால் வண்டி நகராது.

மோட்டார் வண்டியின் கதையும் இதுவே. எஞ்சின் எத்தனை குதிரைச் சக்தி உடையதாயினும், அந்தச் சக்தி முழுவதும் டயர் தரையைத் தொடும் இடத்தின் வழியாகத்தான் வெளிப்பட வேண்டும். அந்த இடமோ, சாதாரணக் காரில், சக்கரம் ஒன்றுக்கு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த உள்ளங்கை தரையில் முழுமையாகப் படிந்திருக்கும்படி சக்கரத்தை நிறுத்தி வைப்பது எப்படி? 1934-ஆம் ஆண்டிலிருந்து 1937-ஆம் ஆண்டு வரையில் ஜெர்மனியின் பந்தயக் கார் நிபுணர்களை வாட்டிய கேள்வி இதுதான். அவர்கள் கண்ட விடையையும், அந்த விடை எங்கிருந்து வந்தது என்பதையும் இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்லலாமென்று நினைக்கிறோம். யந்திரத்தில் ருசி இல்லாதவர்களும் பொறுமையுடன் படிக்கலாம். முடிவில் அவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது.

எடை குறைந்தது, வேகம் குறையவில்லை

ஐரோப்பாவில் பெரிய மோட்டார் பந்தயங்களை நடத்தி வந்தவர்கள் கார்களின் வேகம் எல்லை மீறிப் போவதைக் கண்டு அஞ்சினார்கள். ஆகவே 1934-லிருந்து ஒரு புதிய விதியை அமலுக்குக் கொண்டுவந்தார்கள். ஓட்டுபவர், பெட்ரோல், எண்ணெய், தண்ணீர், டயர்கள் ஆகியவற்றை நீக்கிவிட்டு நிறுத்தால் காரின் எடை 750 கிலோவுக்கு மேற்படக்கூடாது என்பது அந்த விதி. எடை குறைந்த காரில் பெரிய எஞ்சினை வைக்க முடியாது, ஆகவே வேகம் தானே அடங்கும் என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள்.

கணக்கு தலைகீழாயிற்று. மெர்ஸிடிஸ் பென்ஸ் கம்பெனியும் ஆட்டோ யூனியன் கம்பெனியும் லேசான உலோகங்களைக் கையாண்டு, அந்த 750 கிலோவுக்குள்ளேயே முன்பு கண்டிராத சக்தியை அடைத்துவிட்டன. மெர்ஸிடிஸ் 1934-ல் களத்தில் இறக்கிய 'டபிள்யு 25' என்ற கார் சுமார் 350 குதிரைச் சக்தி உடையது. 1936-க்குள் அது 490-ஐத் தாண்டிவிட்டது. பெர்டினாண்ட் போர்ஷே வகுத்த ஆட்டோ யூனியன் காரோ, ஓட்டுபவருக்குப் பின்னால் பதினாறு சிலிண்டர் எஞ்சினை வைத்து 520 குதிரைச் சக்தியை எட்டியது. நம் நாட்டுச் சாலைகளில் 1957-லிருந்து பல ஆண்டுகள் ராஜநடை போட்ட அம்பாஸடர் காரின் பழைய 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின் ஏறக்குறைய 50 குதிரைச் சக்திதான் உடையது என்பதை நினைத்துப் பார்த்தால், இதன் பிரமாணம் விளங்கும். பத்து அம்பாஸடர்களின் சக்தியை ஒரே அம்பாஸடரைக் காட்டிலும் லேசான வண்டியில் பூட்டிவிட்டார்கள்!

ஒரு சிறு கணக்கு

இத்தனை சக்தியைத் தரை ஏற்குமா? பள்ளிக்கூடத்துப் பௌதிகப் புத்தகத்தில் வரும் உராய்வு விதியைக் கொண்டே இதைச் சோதித்துவிடலாம். சக்கரத்தின் மீது எவ்வளவு பாரம் அழுத்துகிறதோ, அதன் ஒரு பகுதிதான் உந்தலாகப் பயன்படும். எவ்வளவு பகுதி என்பது டயரையும் தரையையும் பொறுத்தது.

கணக்குக்காக, ஓட்டுபவரும் பெட்ரோலும் சேர்ந்து 1,000 கிலோ எடையுள்ள ஒரு பந்தயக் காரை எடுத்துக்கொள்வோம். அதில் 600 கிலோ பின் சக்கரங்களின் மேல் இருக்கட்டும். உராய்வு எண் 0.8 என்று வைத்துக்கொண்டால், பின் டயர்கள் வழுக்காமல் கொடுக்கக்கூடிய உந்தல் 480 கிலோ. அதற்கு மேல் எஞ்சின் எவ்வளவு முறுக்கினாலும் சக்கரம் நின்ற இடத்தில் சுழலுமே தவிர, கார் முன்னே பாயாது. ஒரு குதிரைச் சக்தி என்பது விநாடிக்கு 75 கிலோவை ஒரு மீட்டர் உயரம் தூக்கும் சக்தி. 300 குதிரைச் சக்தியை 480 கிலோ உந்தலால் வகுத்துப் பார்த்தால், மணிக்கு 169 கிலோமீட்டர் வேகம் வருகிறது. அதாவது, அந்த வேகத்தை அடையும் வரையில் 300 குதிரைகளையும் ஒருசேர அவிழ்த்துவிட முடியாது. 500 குதிரைச் சக்தியானால் அந்த எல்லை மணிக்கு 281 கிலோமீட்டர்! சாலையின் பெரும்பகுதியில் ஓட்டுபவர் தம் எஞ்சினுக்கு அஞ்சிக்கொண்டே கால் வைக்க வேண்டியிருந்தது என்பதை இந்தச் சிறு கணக்கே காட்டிவிடுகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் போக்கிவிட வேண்டும். கார் வேகமெடுக்கும்போது அதன் பின்புறம் தாழ்வதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வில்களைத் தளர்த்திப் பின்புறத்தை இன்னும் தாழச் செய்தால் பாரம் அதிகமாகப் பின்னால் வரும், பிடிப்பும் கூடும் என்று பலர் நம்புகிறார்கள். பாரம் பின்னே நகர்வது உண்மை. ஆனால் அதன் அளவை நிர்ணயிப்பவை மூன்றுதான்: உந்தல், காரின் பாரமையம் தரையிலிருந்து இருக்கும் உயரம், முன் பின் அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம். மேற்சொன்ன காரில் பாரமையம் 45 சென்டிமீட்டர் உயரத்திலும், அச்சுகளின் இடைவெளி 280 சென்டிமீட்டராகவும் இருந்தால், 480 கிலோ உந்தலில் ஏறக்குறைய 77 கிலோ பாரம் பின்னே வரும். வில் தளர்ந்திருந்தாலும் விறைத்திருந்தாலும் அந்த 77 கிலோ ஒன்றேதான்.

அப்படியானால் வில்லுக்கும் அச்சுக்கும் என்ன வேலை? வந்து சேர்ந்த பாரத்தை வீணாக்காமல் காப்பதே அவற்றின் வேலை. இரண்டு பின் சக்கரங்களும் சம பாரம் தாங்க வேண்டும். சக்கரம் சாயாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். மேடு பள்ளங்களில் துள்ளாமல் தரையை விடாது தொடர வேண்டும். இந்த மூன்று கடமைகளில் ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்றொன்று கெட்டுப்போவதுதான் இந்தச் சாஸ்திரத்தின் சங்கடம்.

வில்வண்டியின் அச்சு

நம் ஊர் வில்வண்டியில் இரண்டு சக்கரங்களையும் ஒரே அச்சு கோத்திருக்கிறது. அச்சின் மேல் பட்டை வில். வில்லின் மேல் வண்டிக்கூடு. அந்நாளைய பெரும்பாலான மோட்டார்களின் பின்புறமும், பிற்காலத்து அம்பாஸடரின் பின்புறமும் இதே வகைதான். இதில் ஒரு பெரிய நன்மை உண்டு. கூடு எப்படி ஆடினாலும் இரண்டு சக்கரங்களும் ஒன்றுக்கொன்று இணையாக நிமிர்ந்தே நிற்கும்.

தீமைகளும் உண்டு. மோட்டாரின் பின் அச்சு வெறும் இரும்புத் தண்டு அன்று. அதன் நடுவே பற்சக்கரங்கள் நிறைந்த கனமான டிபரென்ஷியல் பெட்டி இருக்கிறது. இந்தக் கனம் முழுவதும் வில்லுக்குக் கீழே தொங்குவதால், ஒரு மேட்டில் ஏறிய சக்கரம் எளிதில் கீழே இறங்காது, துள்ளும். துள்ளும் விநாடியில் பிடிப்பே கிடையாது. போதாக்குறைக்கு, எஞ்சினிலிருந்து பின்னோக்கி வரும் தண்டின் முறுக்கு, அச்சு முழுவதையும் திருகப் பார்க்கிறது. அதனால் வழக்கமான அமைப்பில் இடது பின் சக்கரம் தரையில் அழுந்தும். வலது பின் சக்கரம் லேசாகிவிடும்.

ஒரு பக்கம் லேசானால் மறுபக்கம் அழுந்துகிறதே, மொத்தம் சமந்தானே என்று கேட்கலாம். டிபரென்ஷியல் அதற்கு இடங்கொடுப்பதில்லை. அது இரண்டு மாடுகளைப் பூட்டிய நுகத்தடி போன்றது. ஒரு மாடு இழுக்காமல் நின்றுவிட்டால், மற்றொரு மாட்டின் பலமும் நுகத்தடியைத் திருப்புவதிலேயே போய்விடும். வலது சக்கரம் வழுக்கிச் சுழலத் தொடங்கினால், நன்றாக அழுந்தியிருக்கும் இடது சக்கரத்துக்கும் அதே அற்ப உந்தல்தான் கிடைக்கும். இதை ஓரளவு தடுக்கும் விசேஷ டிபரென்ஷியல் ஒன்றை ஆட்டோ யூனியன் கார்களுக்காகப் போர்ஷே வரவழைத்தார். அது நோயின் வேகத்தைத் தணித்ததே அல்லாமல் நோயைத் தீர்க்கவில்லை.

ஆடும் அச்சு

ஆகவே, மெர்ஸிடிஸ், ஆட்டோ யூனியன் ஆகிய இரு கம்பெனியாரும் வேறு வழியை நாடினார்கள். டிபரென்ஷியல் பெட்டியைக் காரின் அடிச்சட்டத்தோடு இறுக்கிவிட்டார்கள். அதன் இரு பக்கங்களிலும் கீல் வைத்து, கதவைப்போல மேலும் கீழும் ஆடும் இரண்டு அரை அச்சுகளைப் பூட்டி, அவற்றின் முனையில் சக்கரங்களை மாட்டினார்கள். கனமான பெட்டி வில்லின் மேலே வந்துவிட்டது. தண்டின் முறுக்கும் அடிச்சட்டத்தோடு நின்றுவிட்டது. ஒரே அடியில் இரண்டு தீமைகள் ஒழிந்தன.

ஆனால் மூன்றாவது தீமை ஒன்று வாசலில் காத்திருந்தது. கதவு திறக்கும்போது அதன் விளிம்பு வட்டமாகச் சுழல்வதுபோல, அரை அச்சு ஏறி இறங்கும்போது சக்கரமும் சாய்ந்துவிடுகிறது. கீலிலிருந்து சக்கரம் வரையில் 65 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காரின் பின்புறம் 5 சென்டிமீட்டர் தாழ்ந்தால் சக்கரம் நான்கு டிகிரிக்கு மேல் சாயும். சக்கரத்தின் உயரம் 70 சென்டிமீட்டரானால், அதன் மேல்விளிம்பு கீழ்விளிம்பைவிட 5 சென்டிமீட்டருக்கு மேல் உட்புறம் சாய்ந்து நிற்கும். டயரின் உள்விளிம்பு மட்டும் பாரத்தைச் சுமக்க, வெளிப்பகுதி சும்மா இருக்கும். எந்தச் சமயத்தில் இப்படி? ஓட்டுபவர் சக்தியை முழுவதும் கேட்டு, பின்புறம் தாழும் அதே சமயத்தில்!

வளைவுகளில் நிலைமை இன்னும் மோசம். வெளிப்பக்கத்துச் சக்கரத்தைத் தரை உட்புறமாகத் தள்ளுகிறது. கீலோ உயரத்தில் இருக்கிறது. ஆகவே அந்தத் தள்ளுதல் காரின் பின்புறத்தையே மேலே தூக்கும். பின்புறம் எழும்பினால் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும். மடங்கினால் பின்புறம் இன்னும் எழும்பும். இப்படி ஒன்றையொன்று வளர்க்கும் இந்த வினை, ஓட்டுபவர் திடுக்கிட்டுக் காலை எடுக்கும் விநாடியில் உச்சத்தை அடைந்து, காரின் வாலைச் சாலைக்கு வெளியே வீசிவிடும்.

சக்கரம் ஏறி இறங்குவதால்தானே சாய்கிறது, ஏறி இறங்காதபடி வில்லை விறைப்பாக்கிவிட்டால் போகிறது என்று நிபுணர்கள் எண்ணினார்கள். வில் விறைத்தது. சக்கரம் கரடுமுரடான சாலையில் துள்ளத் தொடங்கியது. விறைத்த வில்லின் அடிகளைத் தாங்க மாட்டாமல் அடிச்சட்டமே வளைந்து கொடுத்து, தானும் ஒரு வில்லைப்போல வேலை செய்தது. 1936-ல் மெர்ஸிடிஸ் தன் காரைக் குட்டையாக்கி, எஞ்சினைப் பெரிதாக்கிப் பார்த்தது. ஓரிரு வெற்றிகளுக்குப் பின் தோல்வி மேல் தோல்வி வந்தது. பருவம் முடிவதற்கு முன்பே அக்கம்பெனி களத்தை விட்டு விலகிக்கொண்டது. ஆட்டோ யூனியனும் ஆடும் அச்சையே வைத்திருந்தது. ஆனால் எஞ்சினின் பாரம் பின்னால் இருந்ததும், பெர்ன்ட் ரோஸ்மையர் என்ற இளைஞரின் அபாரத் திறமையும் அதைக் காப்பாற்றின. அவ்வாண்டு ஐரோப்பிய சாம்பியன் பட்டம் ரோஸ்மையருக்குக் கிடைத்தது.

தாமே ஓட்டிப் பார்த்த நிபுணர்

இந்நிலையில்தான் ருடால்ப் உலென்ஹௌட் என்பவர் அரங்கத்துக்கு வருகிறார். இவர் ஜெர்மானியத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் 1906-ல் லண்டனில் பிறந்தவர். மெர்ஸிடிஸ் கம்பெனியில் சாதாரணச் சாலைக் கார்களைச் சோதிக்கும் வேலையில் இருந்தவர். 1936-ல் பந்தயக் கார்களைச் சீர்திருத்தும் பொறுப்பை, முப்பது வயதில், இவரிடம் ஒப்படைத்தார்கள். இவர் பந்தய ஓட்டக்காரர் அல்லர். ஆயினும் தோற்றுப்போன காரில் தாமே உட்கார்ந்து, மலைச்சரிவுகளிலே 22 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து செல்லும் நுர்பர்க்ரிங் களத்தில் மறுபடியும் மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்.

ஓட்டுபவர் வந்து "பின்புறம் வழுக்குகிறது" என்று புகார் சொன்னால், வரைபடத்தின் முன் உட்கார்ந்திருக்கும் நிபுணருக்கு அது ஒரு வாக்கியம். வழுக்கலைத் தம் முதுகெலும்பிலேயே உணர்ந்த நிபுணருக்கு அது ஓர் அளவு. எந்த வளைவில், எந்த மேட்டில், காலை அழுத்தும்போதா எடுக்கும்போதா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. உலென்ஹௌட் கண்ட முடிவு, அக்காலத்து வழக்கத்துக்கு நேர்விரோதமானது. வில்கள் தளர வேண்டும். சட்டம் விறைக்க வேண்டும். சக்கரம் தாராளமாக ஏறி இறங்க வேண்டும். ஏறி இறங்கினாலும் சாயக்கூடாது.

கடைசி நிபந்தனையை நிறைவேற்றுவதற்கு ஆடும் அச்சு உதவாது. அதற்குப் பதிலாக 1937-ஆம் வருஷத்துக் காராகிய 'டபிள்யு 125'-ல் அமைந்தது 'டி தியோன்' அச்சு என்பது.

பழைய குழாய், புதிய பயன்

இதன் யுக்தி மிகவும் எளிது. டிபரென்ஷியல் பெட்டி, ஆடும் அச்சில் இருந்ததுபோலவே, அடிச்சட்டத்தோடு இறுகியிருக்கும். சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டுகளுக்கு இரு முனைகளிலும் மூட்டுகள் இருப்பதால், அவை எப்படி வேண்டுமானாலும் அசையலாம். சக்கரங்களை நிமிர்த்தி நிறுத்தும் வேலை அவற்றினுடையதன்று. அந்த வேலைக்கென்று லேசான குழாய் ஒன்று, டிபரென்ஷியலுக்குப் பின்னால் சுற்றிச் சென்று, இரண்டு சக்கரங்களையும் வில்வண்டி அச்சைப் போல இணைக்கிறது. சக்தியைக் கொடுப்பது ஒன்று, சக்கரத்தைத் தாங்குவது மற்றொன்று என்று வேலையைப் பிரித்துவிட்டார்கள். வில்வண்டி அச்சின் நேர்மையும், ஆடும் அச்சின் லாகவமும் ஒருசேரக் கிடைத்தன.

குழாய் பக்கவாட்டில் நகராமலிருக்க, பெட்டியின் பின்புறத்தில் செங்குத்தான ஒரு தடம் வைத்து, அதிலே மேலும் கீழும் வழுகிச் செல்லும்படி செய்தார்கள். முன்னும் பின்னும் நகராமல் இருக்க இருபுறமும் நீண்ட கைகள். வில்லுக்குப் பதிலாக முறுக்கிக் கொடுக்கும் எஃகுத் தண்டுகள். அடிச்சட்டம் நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகினாலான முட்டை வடிவக் குழாய்களால் ஆனது. அது வளைந்து கொடுக்கவில்லை. எஞ்சின் 5.66 லிட்டர்; சுமார் 590 குதிரைச் சக்தி.

பலன் என்ன? 1937-ல் திரிபோலியில் ஹெர்மன் லாங், மொனாக்கோவில் பான் பிராவ்சிட்ஷ், ஜெர்மனி, ஸ்விட்ஜர்லாந்து, இத்தாலி ஆகிய மூன்று நாட்டுப் பெரும் பந்தயங்களிலும் ருடால்ப் கராச்சியோலா என்று மெர்ஸிடிஸ் வெற்றிமேல் வெற்றி கண்டது. சாம்பியன் பட்டம் கராச்சியோலாவுக்கு. பெரிய எஞ்சினுக்கும் இந்த வெற்றியில் பங்கு உண்டுதான். ஆயினும் முந்தின வருஷத்திலும் எஞ்சின் பெரிதாகத்தானே ஆயிற்று? அப்போது பயன்படாத சக்தி, இப்போது நிமிர்ந்து நின்ற சக்கரத்தின் வழியாகத் தரைக்குப் போய்ச் சேர்ந்தது. 1938-ல் விதி மாறி எஞ்சின்கள் சிறியவையானபோது, ஆட்டோ யூனியனும் ஆடும் அச்சைக் கைவிட்டு டி தியோன் அச்சையே எடுத்துக்கொண்டது. போட்டியாளன் பின்பற்றுவதைவிட நற்சாட்சிப் பத்திரம் வேறு ஏது?

யாருடைய வெற்றி?

இனி யந்திரத்தை விட்டு மனிதரிடம் வருவோம். இந்த ஜெர்மன் கம்பெனிகள் இரண்டுக்கும் ஹிட்லர் சர்க்கார் பொருளுதவி செய்தது. ஒவ்வொரு வெற்றியையும், தங்கள் இனத்தின் மேன்மைக்கு அத்தாட்சி என்று நாஜிகள் பறைசாற்றினார்கள். வெள்ளி நிறக் கார்கள் ஊர்வலம் வந்தன, கொடிகள் பறந்தன.

அந்தக் கார்களின் அடியில் குனிந்து பார்த்தால் என்ன தெரிகிறது? பின் சக்கரங்களை இணைத்த அந்தக் குழாய் ஜெர்மானியச் சரக்கே அன்று, பிரெஞ்சுச் சரக்கு. பாரிஸ் நகரில் விஞ்ஞான விளையாட்டுச் சாமான்கள் செய்து பிழைத்து வந்த புத்தோன், திரெபார்து என்ற மைத்துனர் இருவரோடு, டி தியோன் பிரபு 1883-ல் கூட்டுச் சேர்ந்தார். அவர்கள் நீராவி வண்டிகள் கட்டினார்கள். 1890-களின் முற்பகுதியில், அந்த நீராவி வண்டிகளுக்காக, இந்த அச்சை யோசித்தவர் திரெபார்து. பின்னர் கூட்டாளிகள் பெட்ரோல் எஞ்சினை நாடியபோது, நீராவியில் பற்றுக்கொண்டிருந்த திரெபார்து 1894-ல் கம்பெனியை விட்டு விலகிவிட்டார். அச்சுக்கு நிலைத்த பெயரோ பிரபுவின் பெயர். திரெபார்துவின் பெயரை இன்று அறிந்தவர் சிலரே.

ஆக, ஒரு பிரெஞ்சுக்காரர் நீராவி வண்டிக்கென்று கண்ட யுக்தியை, லண்டனில் பிறந்த ஒருவர், நாற்பது வருஷங்களுக்குப் பின் ஜெர்மன் காரில் வைத்துச் சக்தியைத் தரைக்குக் கொண்டுவந்தார். இதில் எந்த இனத்தின் மேன்மை இருக்கிறது? மேன்மை இருப்பதெல்லாம், நல்லது எங்கிருந்தாலும் எடுத்துக்கொள்ளும் அறிவிலும், அதைத் தன் கையாலே சோதித்துப் பார்க்கும் சிரத்தையிலும்தான். தேசபக்தி உள்ளவர்கள் இதை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். சுதேசியம் என்பது பிறரிடம் கற்கமாட்டேன் என்னும் பிடிவாதம் அன்று. கற்றதை நம் சாலைக்கும் நம் தேவைக்கும் ஏற்பச் செய்துகொள்ளும் ஆற்றலே அதன் உயிர்.

குடும்பக் காருக்கு வந்த பாடம்

பந்தயக் களத்துச் செய்தி நமக்கு எதற்கு என்று இல்லத்தரசிகள் கேட்கக்கூடும். ஆடும் அச்சு பந்தயத்தோடு நின்றுவிடவில்லை. 1960-ல் அமெரிக்காவில் 'ஷெவர்லே கார்வேர்' என்ற குடும்பக் கார் பின்புற எஞ்சினோடும் ஆடும் அச்சோடும் வெளிவந்தது. அது வளைவுகளில் திடீரென்று நிலை தவறுகிறது என்று குற்றஞ்சாட்டி, ரால்ப் நாடர் என்ற வழக்கறிஞர் 1965-ல் வெளியிட்ட புத்தகம் அந்நாட்டையே உலுக்கியது. கம்பெனியார் 1964-ல் குறுக்கு வில் ஒன்றைச் சேர்த்து, 1965-ல் ஆடும் அச்சையே மாற்றிவிட்டார்கள். முதல் கார்கள் அக்காலத்து மற்றக் கார்களைவிட அதிக அபாயமுள்ளவை அல்ல என்று 1972-ல் வெளியான அமெரிக்க சர்க்கார் அறிக்கை கூறியது. எப்படியாயினும், சக்கரத்தின் சாய்வு என்பது குடும்பத்தாரின் உயிரைப் பற்றிய விஷயம் என்று பொதுஜனங்கள் உணர்ந்தது அப்போதுதான்.

எந்த அமைப்பும் சாசுவதமன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1954-ல் மெர்ஸிடிஸ் மறுபடியும் பந்தயத்துக்கு வந்தபோது, அதே உலென்ஹௌட் காலத்தில், ஆடும் அச்சே திரும்பி வந்தது. ஆனால் இம்முறை இரு பக்கங்களுக்கும் பொதுவாக ஒரே கீல், அதுவும் டிபரென்ஷியலுக்குக் கீழே தாழ்வாக. கீல் தாழ்ந்ததால் சாய்வும் தூக்கலும் வெகுவாகக் குறைந்தன. 1982-ல் அக்கம்பெனி வெளியிட்ட சிறிய குடும்பக் காரில் ஒவ்வொரு பின் சக்கரத்தையும் ஐந்து தனித்தனிக் கைகள் பிடித்து நிறுத்தின. குழாய் போய்க் கைகள் வந்தன. சக்கரம் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்ற கட்டளை மட்டும் மாறவில்லை.

சொந்தக் கார் வைத்திருப்போர் இதிலிருந்து சில எளிய காரியங்களைச் செய்துகொள்ளலாம். பின் டயர்களின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால், சக்கரம் சாய்ந்து நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அச்சைப் பிடித்திருக்கும் கைகளின் ரப்பர் புஷ்கள் நைந்துபோனால், வகுத்த அளவுகள் யாவும் வீணாகும். அவற்றை மாற்றுவது எஞ்சினுக்குச் செலவிடுவதைவிடப் பலனுள்ளது. டிக்கியில் அளவுக்கு மீறிச் சாமான் ஏற்றினால் பின்புறம் தாழ்ந்து, பல கார்களில் சக்கரத்தின் நிலையும் மாறிவிடும். வேகத்தில் ஆசை கொண்ட இளைஞர்கள் அழகுக்காகக் காரைத் தாழ்த்துகிறார்கள். தாழ்த்தினால் பாரமையம் இறங்குவது நன்மைதான். ஆனால் கைகளின் கோணங்கள் எல்லாம் மாறிப்போகின்றன. மாறிய கோணத்தை அளந்து திருத்தாமல் குதிரைச் சக்தியை மட்டும் கூட்டுவது, லாடம் கழன்ற மாட்டுக்குப் புண்ணாக்கைக் கூட்டிக் கொடுப்பதற்குச் சமானம்.

நமக்கு வேண்டியது

உராய்வு விதியை நம் பிள்ளைகள் பரீட்சைக்காக நெட்டுருப் போடுகிறார்கள். அதே விதி பட்டறையில், கிரீஸ் படிந்த ஒரு பையனின் கையில், ஏட்டறிவே இல்லாமல் உயிரோடு இருக்கிறது. படித்த பிள்ளை பட்டறைக்குள் நுழைவதைக் கௌரவக் குறைவு என்று நினைக்கிறான். பட்டறைப் பையனுக்குப் புத்தகம் எட்டாக் கனி. இந்த இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்காதவரையில், நாம் பிறர் வகுத்த அச்சுகளின் மேல்தான் பிரயாணம் செய்துகொண்டிருப்போம்.

நம் நாட்டில் புத்தியுள்ள பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தப் புத்தி தரையைத் தொட வேண்டும். கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஒரு வாரம் நல்ல பட்டறை ஒன்றுக்கு அனுப்பிப் பாருங்கள். ஒரு பழைய காரின் பின் சக்கரம் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது என்று நூல்குண்டு கட்டி அவர்களே அளக்கட்டும். உலென்ஹௌட்டுக்கு அளவு தெரிந்ததும் அந்த வழியாகத்தான்.